கதவு பூட்டப்பட்டிருந்தது

அந்தப் பள்ளியில் அவளுக்கு எழுவாய் டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை தமிழ் அவள் பொறுப்பு. யார் எந்த வாக்கியத்தைச் சொன்னாலும் அவள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதைச் செய்தது யார்? ‘ஜன்னல் கண்ணாடி உடைஞ்சுபோச்சு டீச்சர்’ என்று யாராவது வந்து நின்றால், ‘கண்ணாடிக்கு வேற வேலை இல்லையா, தானா உடைஞ்சுக்க? எழுவாயைக் கூட்டிட்டு வா’ என்பாள். கொஞ்ச நேரத்தில் எழுவாய் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்கும். இலக்கணப்படி பார்த்தால் அந்த வாக்கியத்தில் கண்ணாடிதான் எழுவாய் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பிள்ளைகள் மனத்தில் ஒரு கேள்வியை ஆணி அடித்து மாட்டுவதற்காக அப்படிச் சொல்வாள்.

அந்தக் கேள்வி அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அப்பா லாரி ஆபீசில் சரக்குப் பதிவு எழுதியவர். அம்மா தையல் மெஷினுக்கு முன்னால் காலத்தைக் கழித்தவள். அந்த வீட்டில் யாரும் எதையும் செய்ததில்லை, எல்லாம் தானாக நடந்தது. தட்டு உடைந்தது. வேலை போனது. அம்மாவின் கன்னம் வீங்கியது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், கட்டிலில் இடித்துக்கொண்டேன் என்பாள் அம்மா. பள்ளியில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டியபோது அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஒரு சாட்சி கிடைத்ததுபோல் இருந்தது. அடித்தான் என்றால் அடித்தவன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும். வினைமுற்றின் வாலைப் பிடித்தால் போதும், ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று அது காட்டிக் கொடுத்துவிடும். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் அவளைத் தமிழ் டீச்சர் ஆக்கியது.

நன்றாகவே சொல்லிக் கொடுத்தாள். இலக்கணம் என்றதும் கொட்டாவி விடும் பிள்ளைகளைக்கூட நிமிர்ந்து உட்கார வைப்பாள். ‘அவன் கொசு மாதிரி நச்சரிக்கிறான்’ என்றால் உவமை, ‘அவன் ஒரு கொசு’ என்றால் உருவகம், இரண்டையும் அவன் முன்னால் சொன்னால் அடிதடி என்பாள். வகுப்பு சிரிக்கும். உடனே அதையும் பிடித்துக்கொள்வாள். வகுப்பு எப்படிச் சிரிக்கும்? அது நாலு சுவரும் ஒரு மின்விசிறியும். சிரித்தது உள்ளே இருக்கிற நீங்கள். இடத்தின் பெயர் இடத்தில் இருப்பவர்களுக்கு ஆகிவந்தால் அது இடவாகுபெயர். இப்படி ஒன்றைப் பிடித்து ஒன்றாகப் பாடம் ஓடும், மணி அடித்தது தெரியாது.

கணவன் ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பவன். நல்லவன், பேச்சு குறைவு. அவனை வளர்த்தவள் அவனுடைய அக்கா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பியிடம் வந்து ஒண்டிக்கொண்டவள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். உண்மையில் ஒண்டிக்கொண்டு வளர்ந்தவன் தம்பிதான். கல்யாணமாகி வந்த டீச்சரை அந்த நாத்தனார் அதிகாரம் பண்ணவில்லை. முதல் வாரமே சமையலறையைவிட்டுத் துரத்தினாள். நீ போய் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தைச் சொல்லிக்கொடு, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மகள் பிறந்தபோது அதையும் அவளே பார்த்துக்கொண்டாள். குழந்தை பேசிய முதல் சொல் ‘அத்தை’. டீச்சருக்குக் கொஞ்சம் வயிறெரிந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் நாத்தனாருக்குப் பகல் முழுவதும் கை சும்மா இருந்தது. சும்மா இருந்தால் கை துருப்பிடிச்சுப் போயிடும் என்று புலம்பினாள். டீச்சர் தன் தலைமையாசிரியரிடம் பேசினாள். ஆயா வேலை இருந்தது. வகுப்பறை கூட்டுவது, மணி அடிப்பது, வாந்தி எடுத்த பிள்ளையைத் துடைத்து வீட்டில் கொண்டுபோய் விடுவது, மாலையில் கதவுகளைப் பூட்டுவது. இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள், ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். டீச்சரின் நாத்தனார் என்பது பள்ளி முழுவதும் தெரியும்.

தலைமையாசிரியரைப் பெரிய சார் என்பார்கள். குரலை உயர்த்தாத மனிதர். யாரிடமும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். ஒழுங்கு என்ற ஒரு சொல்லை மட்டும் நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார்.

இரண்டாம் மாடியில் முன்னால் ஒரு படிக்கட்டு, பின்னால் ஒரு படிக்கட்டு. பின்படி வழியாகப் பெரிய பையன்கள் இடைவேளையில் நழுவித் தெருமுனைக் கடைக்குப் போவதைப் பெரிய சார் ஒரு நாள் பார்த்துவிட்டார். அன்றே நாத்தனாரைக் கூப்பிட்டுப் பின்படிக் கதவைப் பகலிலும் பூட்டி வைக்கச் சொன்னார். டீச்சர் அப்போது அவர் அறையில் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

பூட்டிவிட்டுச் சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளட்டுமா என்று நாத்தனார் கேட்டாள். வேண்டாம், சாவி இந்த மேசையில் இருக்கட்டும் என்றார் பெரிய சார். நாத்தனார் நகரவில்லை.

“சார், மேல அத்தனை பிள்ளைங்க இருக்கு. அவசரம்னா?”

“அவசரம்னா எங்கிட்ட வாங்கம்மா. நான் எங்க போயிடப் போறேன்?”

அது நடந்து கொஞ்ச நாளில், ஒரு மதிய வேளை, மாடியில் கம்ப்யூட்டர் அறையில் ஒயர் கருகியது. பெரிய தீ இல்லை. ஒரு வாளி மணலில் அணைந்துபோனது. ஆனால் புகை வராந்தாவை அடைத்துவிட்டது, முன்படி அந்தப் புகைக்குப் பின்னால் இருந்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் பின்படிக்கு ஓடினார்கள். பூட்டு தொங்கியது.

நாத்தனார் கீழே ஓடினாள். பெரிய சார் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நிர்வாகக் குழுவில் இருந்து வந்தவர்களோடு பேச்சு. வாசலில் இருந்த கிளார்க் உள்ளே போகக் கூடாது என்றார். அவரைத் தள்ளிக்கொண்டு கதவைத் தட்டினாள். கொஞ்சம் இருங்கம்மா என்று உள்ளிருந்து குரல் வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி அதே குரல். மூன்றாவது தடவை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மேசையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். முதல் மாடித் திருப்பத்தில் ஏறும்போதே மேலே ஒரு அலறல் கேட்டது.

நெரிசலில் மூச்சு முட்டி, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வராந்தாவின் குட்டைச் சுவர்மீது ஏறியிருக்கிறாள். பின்னால் இருந்தவர்கள் தள்ளியதில் சரிந்து சைக்கிள் கொட்டகைத் தகரத்தின் மீது விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்தாள். உயிர் தப்பியது. இடுப்பெலும்பும் தொடையும் நொறுங்கிவிட்டன. மெலிந்த பெண், வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிறவள். எதுகை எது மோனை எது என்று கேட்டால் முதலில் கை தூக்குபவள்.

கல்வி அலுவலகம் விளக்கம் கேட்டது. மறுநாள் காலை பெரிய சார் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன, உண்மையாகவே அழுதிருந்தார். விளக்கத்தை நீங்கள் எழுதித் தாருங்கள், உங்கள் தமிழ் மாதிரி இங்கே யாருக்கு வரும் என்றார். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும், பொய் ஒரு சொல்கூட வேண்டாம் என்றார்.

டீச்சர் எழுதினாள். ‘தலைமையாசிரியர் பின்படிக் கதவைப் பகலிலும் பூட்டுமாறு பணித்தார்’ என்று முதல் வாக்கியம். ‘சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்’ என்று இரண்டாவது. பெரிய சார் படித்துவிட்டுத் தாளை மெதுவாகத் திருப்பி வைத்தார்.

“எல்லாம் உண்மைதான் டீச்சர். ஆனா ஆளைச் சொல்லாம எழுதலாமில்ல? உங்களுக்கு நான் சொல்லணுமா? பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிட்டா இத்தனை பிள்ளைங்களும் எங்க போகும், இத்தனை டீச்சருங்க எங்க போவாங்க?”

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன் என்று டீச்சர் பின்னால் கணவனிடம் சொன்னாள். மிரட்டாததால்தான் பேனாவை மறுபடி எடுத்தாள். பாதுகாப்புக் கருதிப் பின்படிக் கதவு பூட்டப்பட்டிருந்தது. உரிய நேரத்தில் சாவி கொண்டுவரப்படவில்லை. நேர்ந்த துயரத்துக்குப் பள்ளி வருந்துகிறது.

செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுவது எப்படி என்று வருடா வருடம் அவள் நடத்தும் பாடம் இது. செயப்படுபொருள் எழுவாய் இடத்துக்கு வரும், வினையோடு ‘படு’ சேரும், செய்தவருக்கு ‘ஆல்’ உருபு வரும். அந்த ‘ஆல்’ வேண்டாமென்றால் ஆளோடு சேர்த்து விட்டுவிடலாம், வாக்கியம் சாயாமல் நிற்கும். வருந்துகிறது என்று கடைசியில் எழுதியிருந்தாளே, அதில் வருந்த ஒரு ஆள்கூட இல்லை. நாலு சுவர் வருந்தியது.

பெரிய சார் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அருமையான நடை என்றார்.

ஆளில்லாத இடம் காலியாகவே கிடந்துவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். விசாரணைக்கு வந்த அதிகாரிகள் அந்தக் காலி இடத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். கதவைப் பூட்டியது யார்? ஆயா. சாவியைக் கொண்டுவர வேண்டியவர் யார்? ஆயா. நாத்தனாரிடம் கேட்டார்கள். ஆமாம், நான்தான் பூட்டினேன் என்றாள், அவளுக்குப் பொய் வராது. சார்தான் பூட்டச் சொன்னார் என்றும் சொன்னாள். அவ்வளவு தெளிவாகப் பகலிலும் பூட்டச் சொன்னதாக நினைவில்லை என்றார் பெரிய சார், குரலை உயர்த்தாமல். கிளார்க்கும் அன்றைக்கு அறைக்குள் இருந்தவர்களும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். கொடுத்த விளக்கத்திலும் யாரும் சொன்னதாக இல்லை.

ஆயாவின் கவனக்குறைவு என்று முடிவானது. அடிபட்ட பெண்ணின் சொந்தக்காரர்கள் பள்ளி வாசலில் நாத்தனாரை வழிமறித்து, முடியைப் பிடித்து இழுத்து, வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்கள். போலீஸ் ஸ்டேஷனில் நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். வேலை போனது. டீச்சரின் சொந்தம் என்பதால்தான் வழக்குப் போடாமல் விட்டேன் என்று பெரிய சார் டீச்சரிடம் தனியாகச் சொன்னார். நன்றி சொல்வாள் என்று அவர் காத்திருந்ததுபோல் இருந்தது.

அன்று மாலை கணவன் வேலைப் பையைக்கூடக் கீழே வைக்காமல் அடுப்படி வாசலில் நின்று கேட்டான்.

“நீ எழுதினதுல அக்கா பேர் இருக்கா?”

“இல்ல.”

“அந்தாள் பேர் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப கதவு தானாவே பூட்டிக்கிச்சா?”

அறைக்குள்ளே நாத்தனார் மகளின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும். சீப்பின் சத்தம் கொஞ்சம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது.

அடுத்த நாள் டீச்சர் விடுப்புப் போட்டுவிட்டுக் கல்வி அலுவலகத்துக்குப் போனாள். விசாரித்த அதிகாரி முன்னால் நின்று, பெரிய சார் பூட்டச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன் என்றாள். அவர் கோப்பை எடுத்துப் புரட்டி, அவள் எழுதிய விளக்கத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“இது உங்க கையெழுத்துதானே? இதுல எந்த வரி பொய்னு காட்டுங்க.”

டீச்சர் படித்தாள். கதவு பூட்டப்பட்டுத்தான் இருந்தது. சாவி உரிய நேரத்தில் கொண்டுவரப்படவில்லைதான். விரலை வைத்து இது பொய் என்று காட்ட ஒரு வரி கிடைக்கவில்லை. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அதிகாரி நல்ல மாதிரியாகவே பேசினார். இப்போது வேறு மாதிரி சொன்னால், அப்போது எதற்கு மறைத்தீர்கள் என்று உங்களைத்தான் கேட்பார்கள், ஆயாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கப் போவதில்லை, உங்களுக்கும் சேர்த்துப் போகும் என்றார். மகள், கணவன், கடன் வாங்கிப் பாதி கட்டியிருந்த புது வீடு எல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தாள். அந்த யோசனை இன்றுவரை முடியவில்லை.

அவள் அங்கே போனது பெரிய சாருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. அடுத்த வருடம் அவளைத் தமிழ்த்துறைத் தலைவர் ஆக்கினார். ஆசிரியர் அறையில் ஜன்னலோர மேசை கிடைத்தது. அவளும் போய் உட்கார்ந்தாள்.

நாத்தனார் சண்டை போடவில்லை. டீச்சர் சண்டைக்காகக் காத்திருந்தாள், அது வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டு, தையல் கம்பெனி ஒன்றில் பொட்டலம் கட்டும் வேலை கிடைத்திருக்கிறது, பக்கத்திலேயே அறை பார்த்துவிட்டேன் என்றாள். தம்பி எவ்வளவோ மன்றாடினான். மகள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நாத்தனார் டீச்சரைப் பார்த்துச் சொன்னாள்:

“வர்றேங்க. பிள்ளையைப் பாத்துக்குங்க.”

அத்தனை வருடமாக நீ, வா, போ என்று பேசிய வாய். டீச்சருக்கு அந்த ‘ங்க’ விழுந்த இடம் இன்னும் ஆறவில்லை. மரியாதைப் பன்மை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இத்தனை தூரம் தள்ளி நிறுத்தும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வீடு அதன்பிறகு வீடாக இல்லை. கணவன் சத்தம் போடுகிறவன் இல்லை, போட்டிருந்தால் தேவலை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டான், கேட்டால் பதில் சொன்னான். விடுமுறை நாட்களில் மகளைக் கூட்டிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போவான். அவளை வா என்று கூப்பிட்டதில்லை. வராதே என்றும் சொன்னதில்லை.

விழுந்த பெண் ஒரு வருடம் படிப்பை விட்டுவிட்டு, அக்குளில் கட்டையோடு திரும்பி வந்தாள். இடது கால் குட்டையாகிப் போயிருந்தது. எட்டாம் வகுப்புக்கு வந்தபோது அவளுக்காக வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அதே முதல் பெஞ்ச். டீச்சர் அந்த வருடம் செயப்பாட்டு வினையைத் தள்ளித் தள்ளிப் போட்டு, பரீட்சை நெருங்கியதும் வேறு வழியில்லாமல் நடத்தினாள். பாடம் ஆசிரியரால் நடத்தப்பட்டது என்று எழுதி, ‘ஆசிரியரால்’ என்பதைச் சுற்றிக் கோடு போட்டாள். இது தேவையில்லை என்றால் விட்டுவிடலாம் என்றாள்.

அந்தப் பெண் கை தூக்கினாள்.

“யாருக்குத் தேவையில்லைன்னா விடலாம் டீச்சர்?”

அவள் மனத்தில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. பேனாவைத் திறந்து பதிலை எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தாள். விளக்கம், கையெழுத்து, இதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும். டீச்சர் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தாள். இந்தக் கேள்வி பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனாள். அந்த வருடத்தோடு இலக்கணத்தை இன்னொரு டீச்சரிடம் கொடுத்துவிட்டுச் செய்யுளை மட்டும் வைத்துக்கொண்டாள். பழைய பட்டப்பெயர் கொஞ்சம் கொஞ்சமாக வழக்கொழிந்துபோனது.

பெரிய சார் ஓய்வு பெற்ற அன்று விழா எடுத்தார்கள். அப்பழுக்கில்லாத பணி என்று பேசினார்கள். வாழ்த்து மடலை எழுதியதும் டீச்சர்தான். எழுத மாட்டேன் என்று சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது, அதை வெளியே சொல்லத்தான் வழியில்லை. மடலை மேடையில் படித்துவிட்டுக் கீழே இறங்கியவள் கூட்டம் முடியும்வரை இருக்கவில்லை. நேரே பஸ் பிடித்துத் தையல் கம்பெனிக்குப் போனாள்.

சாப்பாட்டு நேரம். நீளமான தகரக் கூடம். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனாருக்கு முடி பாதி நரைத்திருந்தது. டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்து, வாங்க என்றாள். இருவரும் பெட்டிகள் ஓரமாக நின்றார்கள்.

“அண்ணி, எனக்கு எல்லாம் தெரியும். சாவியை உங்ககிட்ட குடுக்கச் சொல்லி நீங்க கேட்டது என் காதுல விழுந்துச்சு. தெரிஞ்சும் எழுதலை. என்னை மன்னிச்சிடுங்க.”

நாத்தனார் கையில் ஒட்டியிருந்த பசை நாடாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

“நான் அன்னைக்கு அந்தக் கதவை எத்தனை தடவை தட்டினேன். தட்டினேன்னு ஒரு வரி போதும். உங்களுக்கு அது தோணலை இல்லையா?”

“தோணுச்சு.”

“தோணுச்சா.”

நாத்தனார் பிய்த்த நாடாவை உருட்டிக் கீழே போட்டாள். பொய் எழுதியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன், பொய் இல்லாததால் எதைப் பிடித்துச் சண்டை போடுவது என்று தெரியவில்லை என்றாள். பிறகு, சரி விடுங்க என்றாள். கேட்ட பொருள் இல்லையென்று கடைக்காரர் சொன்னதும் சரி என்று திரும்பிப் போவார்களே, அந்தச் சரி. மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் விசாரித்தாள்.

மணி அடித்தது. பெண்கள் டப்பாக்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுந்தார்கள். அவர்களில் ஒருத்தி கடந்து போகும்போது டீச்சரின் பட்டுப் புடவையைப் பார்த்துவிட்டு, “சொந்தமாக்கா?” என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

“இல்ல. தெரிஞ்சவங்க.”

நாத்தனார் தன் மேசைக்குப் போய்ச் சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள். மெஷின்கள் ஓடத் தொடங்கி, கூடம் முழுவதும் ஒரே இரைச்சல். வேலை நேரத்தில் வெளியாட்கள் உள்ளே நிற்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் வந்து சொன்னார்.